திவானும் துவானாவும்: பலெர்மோவில் சொற்கள் வேலைக்கு அமர்ந்த கதை



இந்த அறக்கட்டளையின் சார்பில் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசுமாறு அழைத்தீர்கள். ஆங்கிலச் சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் எப்படித் தம் மொழிக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னீர்கள். அதைப் பற்றிக் கட்டாயம் பேசுவேன். ஆனால் தொடங்குவது பாரிஸிலிருந்து இல்லை. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு, அந்நகரின் தென்கிழக்கில் உள்ள பிரான்காச்சோ என்ற பகுதிக்கு முதலில் உங்களை அழைத்துப் போகிறேன்.

பிரான்காச்சோ என்றதும் இத்தாலியர்களுக்கு நினைவு வருபவர் பாதிரியார் பினோ புலீசி. அங்குள்ள சான் கயெத்தானோ பங்கின் குரு. அப்பகுதிப் பிள்ளைகள் மாஃபியாவின் கைக்குப் போய்விடாமல் காக்கப் பாடுபட்டவர். 1993 செப்டம்பர் 15 அன்று, அவருடைய 56ஆவது பிறந்தநாளில், மாஃபியாவினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2013இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. அவர் பெயரைச் சொல்லாமல் பிரான்காச்சோவைப் பற்றிப் பேசுவது முறையாகாது என்பதால் முதலில் சொன்னேன்.

அதே பிரான்காச்சோவில், கிரிஃபோனே மலையின் அடிவாரத்தில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய அரண்மனை நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிசிலியை ஆண்ட கல்பித் மரபின் அமீர் ஜாஃபரோடு அதன் பெயர் சேர்ந்திருக்கிறது. பிறகு 12ஆம் நூற்றாண்டில் நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் அதைத் தம் உல்லாச மாளிகையாக்கினார். மலையடி ஊற்றுநீரைத் தேக்கி, நடுவில் ஒரு தீவு விட்டு, பெரிய ஏரி அமைத்தார். பல இடங்களிலிருந்து மீன்களைக் கொண்டுவந்து அதில் விட்டார் என்று சலெர்னோவின் பேராயர் ரொமுவால்தோ தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் ஏரி வற்றி எலுமிச்சைத் தோப்பானது. அரண்மனையின் அறைகளில் ஏழைக் குடும்பங்கள் குடியேறின. 1990களில் பிராந்திய அரசு கையகப்படுத்திச் சீரமைக்கத் தொடங்கியது. 2015இல் பலெர்மோவின் அரபு–நார்மன் கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இந்த அரண்மனைக்கு இடம் கிடைக்கவில்லை. நகரின் வசதியான பகுதியில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்பது என் கருத்து.

இந்த இடத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று ஃபவாரா. பீறிட்டு எழும் ஊற்று என்று பொருள்படும் ஃபவ்வாரா என்ற அரபுச் சொல், ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்க, சிசிலியர் நாவில் நிலைத்துவிட்டது. மற்றது மாரெதோல்சே, அதாவது நன்னீர்க் கடல். அரபில் ஏரிக்கு வழங்கும் புஹைரா என்ற சொல்லுக்குச் ‘சிறு கடல்’ என்பதே அடிப்படைப் பொருள். 12ஆம் நூற்றாண்டில் பலெர்மோவுக்கு வந்த தூதேலாவின் பெஞ்சமின் என்ற யூதப் பயணி, மன்னரின் ஏரியை அல்பெஹீரா என்றே குறித்திருக்கிறார். மாரெதோல்சே அந்தப் பொருளைத் தழுவி வந்த பெயராகவே எனக்குப் படுகிறது. ஆக, ஒரே நீர்நிலைக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் எண்ணூறு ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. ஒன்று மற்றொன்றைத் துரத்தவில்லை. ஒலிபெயர்ப்பா, மொழிபெயர்ப்பா என்று நாம் ஒரு நூற்றாண்டாக மேடைதோறும் போரிட்டு வருகிறோம். அந்தப் போரின் கேள்வியே சரியாகப் போடப்படவில்லை என்று காட்டத்தான் இங்கிருந்து தொடங்கினேன்.

1072இல் நார்மன்கள் பலெர்மோவைப் பிடித்தார்கள். அவர்கள் வீட்டில் பேசியது பிரெஞ்சு. ஆள வந்த நாட்டில் மக்கள் பேசியது அரபும் கிரேக்கமும். திருச்சபையின் மொழி இலத்தீன். 1130இல் ரோஜர் முடிசூடியபோது இந்த நான்கும் அவர் அரசவையில் ஒன்றாக இருந்தன. யூதர்கள் அரபையே எபிரேய எழுத்தில் எழுதினார்கள். இதை நேரில் காண விரும்பினால் பலெர்மோவின் சீசா அரண்மனையில் உள்ள ஒரு கல்வெட்டைப் பார்க்க வேண்டும். ரோஜரின் அரசவைக் குருவான கிரிசாந்துஸ் தம் தாய் அன்னாவுக்காக 1149இல் வைத்தது. மேலே எபிரேய எழுத்தில் அரபு, இருபுறமும் இலத்தீனும் கிரேக்கமும், கீழே அரபு. நான்கும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஆனால் ஆண்டுக்கணக்கு ஒவ்வொன்றிலும் வேறு: யூதர்களுக்கு யூதக் கணக்கு, முஸ்லிம்களுக்கு ஹிஜ்ரி, கிரேக்கருக்கு உலகம் படைக்கப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணும் பைசாந்தியக் கணக்கு, இலத்தீன் வாசகருக்குக் கிறித்து பிறந்த கணக்கு. படிக்க வருபவர் தம் கணக்கிலேயே அந்தத் தாயின் காலத்தை அறிந்துகொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறார் மகன். மொழிபெயர்ப்புக்கு இதைவிட மரியாதையான ஒரு செயலை நான் கண்டதில்லை.

கல்லறைக் கல் அன்பின் காரியம். வரி வாங்குவது வேறு காரியம். நார்மன் மன்னர்களின் நிலவரி, கணக்கு, ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரு தலைமை அலுவலகம் கவனித்தது. அரபில் அதன் பெயர் தீவான் அத்தஹ்கீக் அல்மஃமூர். தஹ்கீக் என்றால் சரிபார்த்தல். இலத்தீனில் எழுதிய எழுத்தர் இதற்கு என்ன பெயர் வைத்தார்? துவானா தெ செக்ரேதிஸ். முதற்சொல்லில் தீவான் என்ற ஒலியை எடுத்து இலத்தீன் விகுதி மாட்டினார். இரண்டாவதில் அரபுச் சொல்லை மொழிபெயர்க்கவே இல்லை. கிரேக்க எழுத்தர்கள் அதே அலுவலகத்துக்கு வழங்கிவந்த செக்ரெத்தோன் என்ற பைசாந்தியச் சொல்லை அழைத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தார். அரபு பாதி, கிரேக்கம் பாதி, இலக்கணம் இலத்தீன். மொழித்தூய்மை பேசும் எந்தக் குழுவும் இப்படியொரு சொல்லை ஏற்றிருக்காது. ஆனால் அந்த அலுவலகத்தின் வாசலில் நின்ற அரபு உழவருக்கும் கிரேக்கத் துறவிக்கும் இலத்தீன் ஆயருக்கும் எந்த இடத்தைச் சொல்கிறார்கள் என்று உடனே புரிந்தது.

தீவான் என்ற சொல் சிசிலியோடு நிற்கவில்லை. மத்தியதரைக் கடலின் துறைமுகங்கள் வழியாக இத்தாலியில் தொகானா ஆனது, பிரெஞ்சில் துவான் ஆனது. இன்று பிரான்சின் விமான நிலையங்களில் சுங்கச் சோதனைக்கு அந்தச் சொல்தான். அதே சொல் கிழக்கே பாரசீகம் வழியாக வந்து புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் திவான் ஆனது. அங்கே அலுவலகம், இங்கே அந்த அலுவலகத்தை நடத்தும் மனிதர்.

கொஞ்சம் நின்று நம் ஊர்த் தாலுகா ஆபீசை எட்டிப் பார்க்கலாம். தாலுகா, ஜில்லா, தாசில்தார், வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஜாமீன், வக்கீல், அமீனா, மராமத்து. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே அரபிலிருந்து பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் வந்து, ஆர்க்காட்டு நவாபு காலத்துக் கணக்கு எழுதியவர்கள் வழியாகவும் கும்பினி அலுவலகங்கள் வழியாகவும் தமிழுக்கு வந்தவை. பலெர்மோவின் நில ஆவணப் பதிவேடுகளுக்கு இலத்தீனில் தெஃபெதாரி என்று பெயர். நம் பழைய வருவாய்த் துறைக் காகிதங்களில் வரும் தப்தர் என்ற சொல்லும் அதுவும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். தஞ்சாவூர்க் கணக்குப்பிள்ளையும் பலெர்மோ நோட்டரியும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே சொற்களஞ்சியத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தெஃபெதாரி என்றதும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். 1161 மார்ச் மாதம் பலெர்மோவில் பிரபுக்கள் கலகம் செய்து அரண்மனையைச் சூறையாடினார்கள். மன்னர் முதலாம் வில்லியம் சிறைபட்டு மீண்டார். கலகம் அடங்கிய பிறகு பார்த்தால் பதிவேடுகளைக் காணோம். எந்த நிலம் யாருடையது, எல்லை எது, எந்தக் கிராமத்துக்கு என்ன வழக்கம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மத்தேயு என்ற நோட்டரி அப்போது சிறையில் இருந்தார். அவரை விடுதலை செய்து அழைத்து வந்து, பழைய பதிவேடுகளுக்கு இணையாகப் புதியவை எழுதச் சொன்னார்கள். ஹ்யூகோ ஃபல்காந்துஸ் என்ற பெயரில் வழங்கும் வரலாற்றில் இது இருக்கிறது. அந்த மத்தேயு பின்னர் நாட்டின் வேந்தவைத் தலைவர்களுள் ஒருவரானார். ஒரு மனிதரின் நினைவில் மட்டும் இருந்த சொல்லும் எல்லையும்தான் அன்று அரசு.

அதே ஃபல்காந்துஸ் இன்னொன்றும் சொல்கிறார். அரசி மார்கரெட்டின் சகோதரர் என்றி என்பவரை உயர்பதவிக்கு உந்தியபோது, தமக்குப் பிரெஞ்சு தெரியாது, அரசவையில் மிகவும் தேவைப்படுவது அந்த மொழிதான் என்று சொல்லி அவர் பின்வாங்கினாராம். ஆவணத்தில் பிரெஞ்சு தென்படவே இல்லை. பேச்சில் அதுதான் ஆண்டது. அரசவையில் ஆங்கிலேயர்களும் இருந்தார்கள். தாமஸ் பிரவுன் என்பவர் ரோஜரின் அலுவலகத்தில் காயிது புரூன் என்ற அரபுப் பட்டத்தோடு வேலை பார்த்தார். ரோஜர் இறந்த பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, இரண்டாம் ஹென்றியின் கருவூலத்தில் தமக்கென்று தனிச் சுருளேட்டோடு உட்கார்ந்தார். 1177இல் அதே ஹென்றியின் மகள் ஜோன் பலெர்மோவுக்கு மணமகளாக வந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இங்கிலாந்துக்கும் சிசிலிக்கும் இடையே போய்வந்தவர்கள் எல்லாரும் பிரெஞ்சு பேசியபடியே போய்வந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் இத்ரீசியைப் படிக்க வேண்டும். ரோஜரின் வேண்டுகோளின்படி பல ஆண்டுகள் உழைத்து, 1154இல் உலகப் புவியியல் நூலை அரபில் முடித்தவர் அவர். உலகை ஏழு மண்டலங்களாகவும் ஒவ்வொன்றையும் பத்துப் பகுதிகளாகவும் பிரித்து எழுபது வரைபடங்கள் வரைந்தார். அதில் இங்கிலாந்துத் தீவின் பெயரைப் பாருங்கள்: இன்கில்தரா. ஆங்கிலேயர் தம் நாட்டை அழைத்த பெயர் அன்று. பிரெஞ்சின் ஆங்கிலத்தேர் போன்ற உருவம் அரபு எழுத்தில் ஏறியிருக்கிறது. இலண்டனின் பெயரும் பிரெஞ்சு லோந்தருக்கு நெருக்கமான வடிவத்தில் நிற்கிறது. வட கடலோர ஊர்களைப் பற்றிச் செய்தி கொண்டுவந்தவர்கள் எந்த மொழியில் சொன்னார்களோ, அந்த மொழியின் சாயல் பெயரிலேயே தங்கிவிட்டது. இன்றும் அரபுச் செய்தித்தாள்கள் இங்கிலாந்தை இங்கில்தரா என்றே எழுதுகின்றன. பலெர்மோவில் எழுதிய அதே நூலில் சரந்தீபும் இருக்கிறது. இலங்கையை அப்படித்தான் அரேபியர் அழைத்தார்கள்.

இதற்கு எதிர்த்திசையில் போன சொல் ஒன்று பிரான்காச்சோவுக்குப் பக்கத்திலேயே கல்லாக நிற்கிறது. ஒரேத்தோ ஆற்றின் பழைய தடத்தின் மேல் பல வளைவுகள் கொண்ட பாலம். ஆறு இன்று அதன் கீழே ஓடவில்லை, திசைதிருப்பிவிட்டார்கள். பாலத்தின் பெயர் பொந்தெ தெல்லம்மிராலியோ, அதாவது அம்மிராலியோவின் பாலம். கட்டியவர் ரோஜரின் தலைமை அமைச்சரான அந்தியோகியாவின் ஜார்ஜ். அமீர் என்ற அரபுப் பட்டம் இலத்தீனில் அம்மிராத்துஸ் ஆனது. அமீர்களின் அமீர் என்ற அரபுத் தொடரை அப்படியே சொல்லுக்குச் சொல்லாக அம்மிராத்துஸ் அம்மிராத்தோரும் என்று எழுதினார்கள். அது ஜார்ஜின் பட்டம். முதலில் அது கடலோடு தொடர்பில்லாத பட்டம். நிதி அலுவலர்களும் அம்மிராத்துஸ்தான். ஆனால் ஜார்ஜ் கப்பற்படையை நடத்தினார், மஹ்தியாவைப் பிடித்தார், ஆப்பிரிக்கக் கரையை நடுங்கவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் படகுகளின் தலைவர்களாகவே புகழ்பெற்றார்கள். பட்டத்தின் பொருள் கடலுக்கு நகர்ந்தது. பிரெஞ்சில் அமிரால், அங்கிருந்து ஆங்கிலத்தில் அட்மிரல். ஆங்கிலேயர் நமக்குக் கொடுத்த அட்மிரல் இந்தப் பாலத்துக்காரரின் பட்டம். அதைப் பிரெஞ்சுக்கு மீண்டும் மொழிபெயர்க்கும் மாணவர் எவரும் அது வந்த வழியிலேயே அதைத் திருப்பி அனுப்புகிறார்.

மொழிபெயர்ப்பாளர்கள் என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையவர்களும் அந்த அரசவையில் இருந்தார்கள். காத்தானியாவின் தலைமைத் திருத்தொண்டர் அரிஸ்திப்புஸ், பிளேட்டோவின் மேனோ, ஃபீதோ உரையாடல்களைக் கிரேக்கத்திலிருந்து நேராக இலத்தீனில் தந்தார். 1158 வாக்கில் கான்ஸ்தாந்திநோபிளுக்குத் தூது சென்றவர், பேரரசர் மனுவேல் தந்த தாலமியின் வானியல் நூலைப் பலெர்மோவுக்கு எடுத்து வந்தார். சலெர்னோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், பெயர் நமக்கு எட்டவில்லை, செய்தி கேட்டுக் கடல் கடந்து ஓடிவந்து, அந்த நூலைக் கிரேக்க மூலத்திலிருந்தே 1160 வாக்கில் மொழிபெயர்த்தார். நல்ல மொழிபெயர்ப்பு. ஆனால் ஐரோப்பா அதைப் படிக்கவில்லை. 1175இல் ஸ்பெயினின் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்து அரபிலிருந்து செய்த மொழிபெயர்ப்பே பல்கலைக்கழகங்களுக்குப் போனது. அதனால்தான் அந்த நூலை உலகம் இன்றும் அல்மஜெஸ்த் என்ற அரபு உருவத்தில் அறிகிறது. மூலத்துக்கு நெருங்கி நின்றது பலெர்மோ. மாணவர்களுக்கு நெருங்கி நின்றது தொலேதோ.

அந்த மாணவருக்கு உதவியவர் யூஜேனியஸ். கிரேக்கர், அரபு அறிந்தவர், பின்னாளில் அவரும் அம்மிராத்துஸ். தாலமியின் ஒளியியல் நூலை அரபிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். முன்னுரையில் அவர் எழுதியதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் தனக்கென்று ஒரு மரபு உண்டு, உண்மையாக நடக்க விரும்பும் பெயர்ப்பாளருக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வது எளிதன்று, அதிலும் அரபிலிருந்து கிரேக்கத்துக்கோ இலத்தீனுக்கோ கொண்டுசெல்வது இன்னும் கடினம் என்ற பொருளில் அவர் பேசுகிறார். பிறகு காலம் என்ன செய்தது? அந்த நூலின் கிரேக்க மூலம் அழிந்தது. அவர் கையில் இருந்த அரபு மொழிபெயர்ப்பும் அழிந்தது. இன்று ஒளிவிலகல் பற்றித் தாலமி என்ன கண்டார் என்று அறிய உலகத்துக்கு இருக்கும் ஒரே வழி பலெர்மோவில் யூஜேனியஸ் எழுதிய இலத்தீன்தான்.

நேர்மையில்லாத மொழிபெயர்ப்பும் இதே ஊரில் நடந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜுசெப்பே வெல்லா என்ற மால்தாத் துறவி, அரபுச் சுவடிகளில் சிசிலியின் மறைந்த வரலாற்றைக் கண்டதாகச் சொல்லி, தானே கட்டிய கதைகளை மொழிபெயர்ப்பு என்று அரசரிடம் நீட்டினார். அரபு அறிந்தவர் எவரும் அருகில் இல்லாததால் சில காலம் நம்பினார்கள். ரொசாரியோ கிரெகோரியோ என்ற பலெர்மோ அறிஞர் ஐயம் எழுப்பினார். கடைசியில் வெல்லா சிறைத்தண்டனை பெற்றார். அறிந்தவர் இல்லாத மொழியில் எதையும் சொல்லிவிடலாம் என்பது அந்த ஆபத்து.

அந்தக் களங்கத்தைத் துடைத்தவர் மிக்கேலே அமாரி. 1806இல் பலெர்மோவில் பிறந்தவர். 1842இல் சிசிலி எழுச்சி பற்றி எழுதிய நூலால் போர்போன் அரசின் சினத்துக்கு ஆளாகிப் பாரிஸுக்குத் தப்பினார். அங்கே அரபு கற்றார். இரண்டாம் வில்லியம் காலத்துப் பலெர்மோவை நேரில் கண்ட இப்னு ஜுபைரின் பயணக் குறிப்பைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அந்தப் பயணி, மன்னருக்கே அரபு எழுதப் படிக்கத் தெரியும் என்று வியந்து எழுதியிருந்தார். பலெர்மோ மக்கள் தம் ஊரின் அரபுக் காலத்தை ஒரு நாடுகடந்தவரின் பிரெஞ்சு வழியாகத் திரும்பப் பெற்றார்கள். இத்ரீசியின் முழு நூலையும் ஐரோப்பாவுக்குத் தந்ததும் பிரெஞ்சுதான். ஜோபேரின் மொழிபெயர்ப்பு 1836க்கும் 1840க்கும் இடையில் வந்தது.

இனி நீங்கள் கேட்ட பிரெஞ்சுக்கு வருகிறேன்.

1955இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை புதிய மின்னணு இயந்திரத்தை விற்கவிருந்தது. ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர். கணக்கிடும் பொறி என்ற பொருளில் பிரெஞ்சில் சொல் இருந்தது, ஆனால் இயந்திரம் கணக்கோடு நிற்பதில்லையே என்று நிறுவனத்தார் தயங்கினார்கள். சொர்போனில் இலத்தீன் கற்பித்த ஜாக் பெரே என்ற பேராசிரியரைக் கேட்டார்கள். 1955 ஏப்ரல் 16 தேதியிட்ட கடிதத்தில் அவர் ஒர்தினாத்தேர் என்ற சொல்லை முன்வைத்தார். ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறித்துப் பழைய அகராதியில் இருந்த சொல். சமயச் சாயல் இருக்கிறதே என்ற தயக்கத்தையும் அவரே எழுதினார், பெண்பால் வடிவம் ஒன்றையும் பரிந்துரைத்தார். நிறுவனம் ஆண்பால் வடிவத்தை எடுத்துக்கொண்டது. முதலில் தன் வணிகப் பெயராக வைத்துக்கொள்ளப் பார்த்தது. சில ஆண்டுகளில் அது எல்லாருக்கும் பொதுச்சொல்லானது. இன்று பிரான்சில் பள்ளிக் குழந்தையும் கம்ப்யூட்டர் என்று சொல்வதில்லை.

அதே பிரெஞ்சில் தோற்றவையும் நிறைய. மார்க்கெட்டிங் என்பதற்கு மெர்காத்தீக் என்று அரசுக் குழு சொன்னது, கடைக்காரர்கள் மார்க்கெட்டிங்கையே பிடித்துக்கொண்டார்கள். ஹேஷ்டேக் என்பதற்கு 2013இல் மோ-தியேஸ் என்று அரசிதழில் வந்தது, விரல்கள் கேட்கவில்லை. மின்னஞ்சலுக்குக் குவிபெக்கில் பிறந்த கூரியேல் என்ற அழகான சொல்லைப் பிரான்ஸ் 2003இல் அதிகாரபூர்வமாக ஏற்றது. குவிபெக்கில் அது அன்றாடச் சொல், பிரான்சில் மெயில் என்பவர்களே அதிகம். சட்டமும் இருக்கிறது. 1994 ஆகஸ்ட் 4இன் தூபோன் சட்டம், 1996 முதல் அமைச்சகம்தோறும் கலைச்சொல் குழு, எல்லாம் உண்டு. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குவிபெக்கின் 1977 மொழிச் சாசனம் இல்லாவிட்டால் தொழிற்சாலையில் பிரெஞ்சில் வேலை நடந்திருக்காது, கூரியேலும் வேரூன்றியிருக்காது. ஆனால் வென்ற சொற்களையும் தோற்ற சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒர்தினாத்தேர் இயந்திரத்தோடு கடைக்கு வந்தது, விலைச்சீட்டில் இருந்தது, பழுது பார்ப்பவர் வாயில் இருந்தது. மோ-தியேஸ் வந்தபோது ஹேஷ்டேக் ஏற்கெனவே ஊரெல்லாம் உட்கார்ந்துவிட்டது. துவானா நிலைத்ததும் அதே காரணத்தால்தான்: அது வரிச்சீட்டின் மேல் இருந்தது.

சொல் வேலையோடு சேர்ந்து வந்தால்தான் நிலைக்கும் என்ற இந்த உண்மையைத் தமிழில் எவரைவிடவும் தெளிவாக அறிந்திருந்தவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். கட்டரின் உடற்கூற்று நூல் தொடங்கிப் பல மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், தம் மாணவர்களையும் அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். தமிழில் இருந்தால் தமிழ்ச்சொல், இல்லையேல் வடசொல், அதுவும் இயலாவிட்டால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்று அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அவருடைய பல சொற்கள் இன்று நமக்குக் கடினமாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சொற்களைக் கொண்டு அந்த மாணவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார்கள், மருந்து எழுதினார்கள். நூலும் நோயாளியும் ஒரே அறையில் இருந்தன. 1884இல் அமெரிக்காவின் வூஸ்டரில் இறந்தபோது, தமிழர்களுக்கு மருத்துவராக இருந்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார்.

அவருக்குப் பிறகு நம்மிடம் முயற்சிக்குக் குறைவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கமும் இதழும் நடத்தினார்கள். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. ஜில்லா மறைந்து மாவட்டம் முழுமையாக நிலைத்தது. ஏனென்றால் ஒவ்வொருவரும் முகவரி எழுதும்போதும் பேருந்தின் பக்கவாட்டில் படிக்கும்போதும் அந்தச் சொல்லைத் தொட்டார்கள். கலெக்டர் இன்னும் ஆட்சியராக முழுதும் மாறவில்லை. மனு கொடுக்கப் போகிறவர் வாயில் கலெக்டர், மனுவின் தலைப்பில் ஆட்சியர். இலங்கையில் பள்ளிப் பாடத்திலிருந்து வளர்ந்த பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழகத்தின் இயற்பியலையும் வேதியியலையும் கண்டு அசையவில்லை. அவற்றில் தேர்வெழுதித் தேறிய தலைமுறைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று கூட்டம் போடுவோருக்கு ஒன்றே சொல்வேன்: ஃபவாராவும் மாரெதோல்சேயும் ஒரே ஊற்றின் பெயர்கள்.

அந்த யாழ்ப்பாணத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பலெர்மோவில் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலையில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறிப் போகும் தமிழர்களில் சைவர்களும் ஏராளம். சரந்தீபை இத்ரீசி எழுதிய ஊருக்கே சரந்தீபிலிருந்து மக்கள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய அன்றாடத்தில் ஒரு புதிய தீவான் இருக்கிறது. குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில் பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோவுக்கு வரிசை. கோதிசே ஃபிஸ்காலே இல்லாமல் வாடகை வீடு இல்லை, தெஸ்ஸெரா சனித்தாரியா இல்லாமல் மருத்துவர் இல்லை. வதிவிட அனுமதி, வரி எண், சுகாதார அட்டை என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றோடும் என்ன உரிமை வருகிறது, எது காலாவதியானால் எது கெடும் என்பதைத் தாய்க்குத் தமிழில் விளக்கிச் சொல்வது பெரும்பாலும் பள்ளி மாணவியான மகள். பலெர்மோ நகரமே 2015இல் வெளியிட்ட சாசனம் ஒன்றில் இந்த வதிவிட அனுமதி முறையே ஒழிய வேண்டும் என்று கேட்டது. ஒழியும்வரை அந்த மகள் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பாள்.

எனவே இந்த அறக்கட்டளையாரிடமும் துறையினரிடமும் என் கோரிக்கை இது. அடுத்த கலைச்சொல் தொகுதியை நூலகத்தில் உட்கார்ந்து தொடங்க வேண்டாம். பலெர்மோ, நாப்போலி, பாரிஸின் லா சப்பேல், டொரோன்டோவின் ஸ்கார்பரோ ஆகிய இடங்களில் தாய்தந்தையரோடு அலுவலகச் சாளரத்துக்குப் போகும் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கும் ஸ்கார்பரோப் பிள்ளையும் பிரெஞ்சுப் படிவத்தைத் தமிழாக்கும் லா சப்பேல் பிள்ளையும் ஒரே உரிமைக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சொல்லோடு அது எந்தப் படிவத்தில், எந்தச் சாளரத்தில், யாரிடம் சொல்லப்பட்டது என்பதும் பதிவாகட்டும். ஒலிபெயர்ப்பாக இருந்தாலும் தள்ள வேண்டாம். முதல் தொகுதியைப் பலெர்மோவிலிருந்து தொடங்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். மாணவர்களில் இத்தாலியம் கற்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.